பதினைந்து பேர் போதும்: வாசகியர் கேள்வி – பதில்

கேள்வி: கிண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நகப் பராமரிப்பு, ஜெல் பாலிஷ் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு), எக்ஸ்டென்ஷன் (செயற்கையாக நகத்தை நீட்டுவது) ஆகியவற்றை வார இறுதி வகுப்பில் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, விளக்கு, ட்ரில், ஜெல் வகைகள் என்று 35,000 ரூபாய்க்குப் பொருள்கள் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடியும். ஆறு மாதத்தில் பதினொரு பேருக்குத்தான் செய்திருக்கிறேன். அவர்களில் ஏழு பேர் தோழிகளும் உறவினர்களும் என்பதால் பணம் வாங்கவில்லை. இன்ஸ்டாகிராமில் தினமும் படம் போடுகிறேன். தொள்ளாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், ஆனால் யாரும் அழைப்பதில்லை. 700 ரூபாய் ஜெல் பாலிஷை 350 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தபோது நான்கு பேர் வந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வெளியாட்கள் வந்து போவதை மாமியார் விரும்பாததால் நானே ஸ்கூட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். வாடிக்கையாளர்களை எப்படிச் சேர்ப்பது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வருகிற யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. இயற்கை நகத்தின் மேல் ஜெல் பாலிஷ் போடப் புதியவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மேசையைத் துடைத்துக் கருவிகளைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயாராக இன்னும் அரை மணி நேரம். ஆகவே உங்களுடைய பத்து மணி நேரத்தில் வாரத்துக்கு ஐந்து பேரைத்தான் பார்க்க முடியும். ஜெல் பாலிஷ் இரண்டிலிருந்து மூன்று வாரம் வரை நிற்கும். அப்படியானால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் பதினைந்து பேர் கிடைத்துவிட்டால் உங்கள் நாட்குறிப்பில் இடமே இருக்காது. இடையில் ஊர் மாறுகிறவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் ஆகியோரையும் சேர்த்து இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொள்ளாயிரம் பேரில் பாதிப் பேர் வேறு ஊர்களில் இருந்தால் அவர்களால் உங்களுக்கு என்ன பயன்? வேளச்சேரி, மடிப்பாக்கம், தரமணி, பள்ளிக்கரணை ஆகிய நான்கு இடங்களுக்குள் இருபது பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை.

அந்த இருபது பேர் ஏற்கெனவே ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். புருவம் திருத்த, அதாவது த்ரெட்டிங் செய்துகொள்ள, நம் ஊரில் பெண்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தெருமுனைப் பார்லருக்குப் போகிறார்கள். நகத்துக்கான கால இடைவெளியும் அதுவேதான். ஆனால் அந்தச் சிறிய பார்லர்களில் பெரும்பாலானவற்றில் நக வேலைக்கென்று தனி ஆள் கிடையாது. அதற்காக ஒருவரை மாதச் சம்பளத்தில் வைக்கும் அளவுக்கு அங்கே வேலையும் இருக்காது. எனவே உங்கள் பகுதியில் நல்ல பெயருள்ள ஒரு பார்லர் உரிமையாளரிடம் போய், சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு மூலையில் சிறு மேசை போட்டு உட்கார அனுமதி கேளுங்கள். பொருள்கள் உங்களுடையவை, வசூலில் இத்தனை பங்கு அவர்களுக்கு என்று முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகினால் அந்த வாடிக்கையாளர்கள் யாருடையவர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அது கசப்பான பேச்சுதான், ஆனால் பிறகு பேசினால் இன்னும் கசக்கும். வீட்டுக்கு வெளியாட்கள் வருகிறார்கள் என்ற உங்கள் மாமியாரின் குறையும் இதனால் தீரும். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குத் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போவதுதான் அதைவிட யோசிக்க வேண்டிய விஷயம். வீட்டுக்குப் போய்ச் செய்வதென்றால் ஏற்கெனவே தெரிந்த வாடிக்கையாளர் சொல்லி அனுப்பியவர்களிடம் மட்டும் போங்கள். போகும்போது வீட்டில் ஒருவருக்கு இருப்பிடத்தைத் தெரியப்படுத்துங்கள்.

பார்லருக்கு அடுத்தபடியாக நீங்கள் பழக வேண்டியவர்கள் ஆரி வேலைப்பாட்டுடன் ரவிக்கை தைத்துத் தரும் பெண்களும், மெஹந்தி போடுகிறவர்களும். மணப்பெண்ணுக்குத் தேதி குறித்த உடனேயே ரவிக்கைத் துணி தையற்காரரிடம் போய்விடும். அங்கே உங்கள் பெயர் ஒருமுறை சொல்லப்பட்டால் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்களுக்குத் தகவல் வரும். பதிலுக்கு நீங்களும் அவர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மணப்பெண்ணுக்குச் செய்யும்போது நக வேலையை மெஹந்திக்கு முன்பே முடித்துவிடுங்கள். மெஹந்தி வைத்த கையை ஊற வைக்கவும் தேய்க்கவும் ஜெல்லைக் கரைக்கும் அசிட்டோன் படவும் விட முடியாது. மெஹந்தி சிவக்கத் தடவும் எண்ணெய் நகத்தில் இருந்தால் ஜெல்லும் பிடிக்காது.

இனி, நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதைப் பார்ப்போம். எக்ஸ்டென்ஷனும் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்து பார்க்கக் கை துடிக்கும், புரிகிறது. ஆனால் நம் கைகள் என்ன செய்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்: ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிடுகின்றன, தோசை மாவைக் கரைக்கின்றன, கோலம் போடுகின்றன, குழந்தைக்குத் தலை பின்னுகின்றன, பாத்திரம் தேய்க்கின்றன. முக்கால் அங்குல நகத்தோடு வீட்டுக்குப் போகும் பெண் முதல் வேளைச் சாப்பாட்டிலேயே உங்களை நினைத்துக்கொள்வார், அதுவும் நல்ல விதமாக அல்ல. மூன்றாம் நாள் ஒரு நகம் கதவில் மாட்டித் தூக்கிக்கொள்ளும். அவர் மறுபடி வர மாட்டார். ஆகவே மாதா மாதம் வரும் வாடிக்கையாளரைப் பெற்றுத் தரப்போவது விரல் நுனியைத் தாண்டாத சிறிய, நேர்த்தியாக வடிவமைத்த இயற்கை நகமும் அதன் மேல் போடும் ஜெல் பாலிஷும்தான். நிறத்திலும் இதே யோசனை வேண்டும். வெள்ளையும் வெளிறிய ரோஜா நிறமும் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கையால் சாப்பிடுகிறவருக்கு ஒரே வாரத்தில் வலக்கை நகங்கள் மட்டும் மஞ்சளேறி, இரண்டு கையும் இரண்டு நிறமாகிவிடும். அரக்கு, செங்கல், காப்பி நிறம், அடர் பச்சை ஆகியவை மஞ்சளைக் காட்டிக்கொடுக்காது. வெளிர்நிறம்தான் வேண்டும் என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உட்கார்ந்தவுடன் “எந்த டிசைன் வேண்டும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இந்தக் கை ஒரு நாளில் என்னென்ன வேலை செய்யும்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்களைப் பற்றி அவர் வீட்டில் போய்ச் சொல்லப்போவது அந்தக் கேள்வியைத்தான்.

எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது என்பதும் தொழிலின் ஒரு பகுதி. மருத்துவமனையில் நோயாளிகளைத் தொட்டுப் பராமரிக்கும் செவிலியர்கள் செயற்கை நகம் அணியக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அப்படி ஒருவர் வந்தால், விடுமுறைக்கு மட்டும் போடட்டுமா, எடுக்கும் தேதியையும் இப்போதே குறிக்கட்டுமா என்று கேளுங்கள்.

பாதி விலை அறிவிப்புக்கு வருகிறேன். 700 ரூபாய்க்கு ஒருவருக்குச் செய்யும்போது பொருள் செலவு 100 ரூபாய், பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 520. போக, வர, செய்ய, சுத்தம் செய்ய மூன்று மணி நேரம். மணிக்கு 173 ரூபாய் நிற்கிறது. 350 ரூபாய்க்குச் செய்தால் மிச்சம் 170. மணிக்கு 57 ரூபாய்கூட இல்லை. விலையைப் பாதியாக்கினீர்கள், உங்கள் கூலியோ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த நான்கு பேரும் உங்களைத் தேடி வந்தவர்கள் அல்லர், 350 ரூபாயைத் தேடி வந்தவர்கள். அடுத்த 350 ரூபாய் எங்கே கிடைக்கிறதோ அங்கே போயிருப்பார்கள். அவர்கள்மீது வருத்தப்பட ஒன்றுமில்லை. விலையில் சலுகை தருவதைவிட வேலையில் ஒன்றைக் கூட்டித் தாருங்கள்: ஏழு நாளுக்குள் ஒரு நகம் பெயர்ந்தாலோ கீறினாலோ பணம் வாங்காமல் சரிசெய்வேன் என்று சொல்லுங்கள். புதியவரிடம் கை நீட்டத் தயங்குகிறவருக்கு இதுதான் துணிச்சல் தரும். உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது: எந்த விரலில், எத்தனையாம் நாள், எந்த ஓரத்தில் பெயர்கிறது என்று பார்த்தால்தான் உங்கள் கையில் என்ன குறை என்பது தெரியவரும். ஓரங்களில் தொடர்ந்து பெயர்ந்தால் நகத்தின் மேல் படிந்த க்யூட்டிகிள் சவ்வை நீங்கள் முழுதாக எடுக்கவில்லை, அல்லது சென்னை வெயிலில் வியர்த்த விரலை நன்றாக உலர்த்தவில்லை என்று பொருள்.

பணம் வாங்காத ஏழு பேரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். “இந்த மாத இறுதிவரை பழகுகிறேன், பொருள் செலவு மட்டும் கொடு, அடுத்த மாதத்திலிருந்து முழு விலை” என்று சொல்லி, முழு விலையை எழுதி அதிலிருந்து கழித்துக் காட்டுங்கள். அத்தை மகளிடம் எப்படிப் பணம் கேட்பது என்று கூசாதீர்கள். அவர் த்ரெட்டிங் செய்கிற இடத்தில் கூசாமல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

இப்போது, நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையில் பார்லர் தொடங்கிய முதல் ஆண்டில், வேலை முடிந்ததும் வாசல்வரை வந்து “மறுபடி வாங்க” என்று சொல்லி அனுப்புவேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பலர் வரவில்லை. வேலை பிடிக்கவில்லை போலும் என்று நான் மனம் நொந்திருக்கும்போது, அவர்களில் ஒருவரைக் கோயிலில் பார்த்தேன். “வரணும் வரணும்னு நினைக்கிறேன், நாள் ஓடிப்போகுது” என்றார். அன்றிலிருந்து யாரையும் அடுத்த தேதி குறிக்காமல் அனுப்பியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வேலை செய்யும் உங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மேல்பூச்சான டாப் கோட் காயும் அந்த ஒரு நிமிடத்தில் கை விளக்குக்குள் இருக்கும், அவரால் எழுந்து போக முடியாது, அப்போது நாட்குறிப்பைத் திறந்து, “மூன்றாவது சனிக்கிழமை நான்கு மணியா, ஞாயிறு பதினொரு மணியா?” என்று கேளுங்கள். இதில் வற்புறுத்தல் ஏதுமில்லை; காரணத்தையும் சொல்லிவிடலாம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. மூன்று வாரத்தில் அடியில் 2 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும், நுனி கனத்து ஓரம் தூக்கும். தூக்கிய இடத்தில் தண்ணீர் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகத்தில் பச்சைக்கறை படியலாம். அதைவிடப் பெரிய கேடு, பொறுமையிழந்து அவரே ஜெல்லை உரித்து எடுப்பது. ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். பிறகு நகம் மெலிந்ததற்குப் பழி உங்கள்மீதுதான் விழும். எனவே பழைய ஜெல்லை அசிட்டோனில் ஊற வைத்து எடுக்கும் கூலியையும் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். எடுப்பதற்குத் தனிப்பணம் என்றால் பாதிப்பேர் வீட்டில் உரித்துவிட்டுத்தான் வருவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாடிக்கையாளரின் பெயர், தேதி, நகத்தின் வடிவம், போட்ட நிறத்தின் எண், பெயர்ந்த விரல், ஒவ்வாமை ஏதும் உண்டா என்பது, பேச்சுவாக்கில் சொன்ன செய்தி (மகளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம், கணவர் ஊரிலிருந்து வருகிறார்) ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள். முந்தின நாள் மாலை “நாளை நான்கு மணி” என்று ஒரு வரி அனுப்பினால் போதும். வாழ்த்துப் படங்கள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் வைத்து அனுப்புவதாக இருந்தால், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே அவர் எதிரிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமை முழுதாக விட்டுவிடச் சொல்லவில்லை. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு படம் போதும். பெயருக்குப் பக்கத்திலேயே வேளச்சேரி என்று எழுதுங்கள், விலையையும் எழுதுங்கள். விலை கேட்டுச் செய்தி அனுப்பக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில், நிறத்தை வெளுக்க வைக்கும் ஃபில்டர் எதுவும் இல்லாமல் எடுங்கள். இணையத்தில் குவிந்திருக்கும் நகப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைவெளேர் என்ற கைகள். அதே நிறம் மாநிறக் கையிலும் கறுத்த கையிலும் எப்படி இருக்கும் என்று காட்ட ஆளில்லை. அதை நீங்கள் காட்டினால் உங்கள் தெருப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். கூகுள் வரைபடத்தில் வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டு, வேலை பிடித்தவர்களிடம் அன்று மாலையே இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

பருவத்தையும் பார்த்து நடக்க வேண்டும். ஆடியில் திருமணம் இல்லை. அந்த மாதத்தில் கை ஓய்ந்திருக்கும், புது டிசைன் பழகிக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தங்களும் தீபாவளியும் வரிசையாக வரும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வார இறுதிகளைப் புதியவர்களுக்குக் கொடுக்காமல், வழக்கமாக வருகிறவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள். இந்த ஒரு மரியாதைக்காகவே சிலர் ஆண்டு முழுவதும் உங்களை விட்டுப் போக மாட்டார்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாவிட்டாலும் சபாக்களில் கச்சேரி, கிறிஸ்துமஸ், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் என்று சென்னையில் வேலைக்குக் குறைவிருக்காது. வடகிழக்குப் பருவமழை நாள்களில் வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். முன்பணம் வாங்கியிருந்தால், மழைக்காக ரத்தாகும்போது அது அடுத்த தேதிக்கு மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அலுவலகத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கிய பணி ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். சக ஊழியர்களை வாடிக்கையாளர்களாக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே படியுங்கள்.

கேள்வி: வருகிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டு, நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, “இன்னிக்கு முடியல அக்கா” என்று செய்தி அனுப்புகிறார்கள். கோபித்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: போகட்டும். வாரத்துக்கு ஐந்தே இடம் வைத்திருக்கும் ஒருவருக்கு ஓர் இடம் வீணானால் வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வருமானம் வீண். நேரம் கொடுக்கும்போதே 200 ரூபாயை ஜிபேயில் முன்பணமாக வாங்கி, மொத்தத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் அது அடுத்த தேதிக்கு மாறும், பிறகு சொன்னால் மாறாது. பழைய வாடிக்கையாளரிடம் முதல்முறை மட்டும் விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். தொழுகைக்கு முன் உளூ செய்ய (கை, முகம், கால் கழுவ) வேண்டும் என்பதால் நகப்பூச்சு வேண்டாம் என்கிறார்கள். இந்தப் பகுதியில் இத்தொழில் எடுபடுமா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: எடுபடும், ஆனால் பூச்சை முன்னிறுத்தினால் எடுபடாது. உளூவின்போது தண்ணீர் நகத்தைத் தொட வேண்டும் என்பதால் அவர்கள் மறுக்கிறார்கள். அதைச் சுற்றிவர வழி தேடாமல், பூச்சே இல்லாத வேலைகளைச் செய்யுங்கள். நகத்தை வடிவாக ராவி, க்யூட்டிகிளைச் சீர்செய்து, பஃபரால் மெருகேற்றினால் நிறம் எதுவும் இல்லாமலேயே நகம் பளபளக்கும். நகத்தின் மேல் ஒன்றும் படிவதில்லை. இதில் உங்களுக்குப் பொருள் செலவும் மிகக் குறைவு. மெஹந்தியும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பெருநாளுக்கு முந்தின சில நாள்கள் இரவுவரை வேலை இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். திருமண வரவேற்பு நடக்கும் மாலைப்பொழுதுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு, அன்றிரவே கழற்றிவிடக்கூடிய ஒட்டு நகங்கள் உண்டு. பெண்ணின் பத்து விரல்களையும் அளந்துகொண்டு, அந்த அளவுக்கு நீங்களே வீட்டில் ஜெல்லால் டிசைன் செய்து ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். பகுதிநேரமாகச் செய்கிறவர்களுக்கு இது மிக வசதியானது, ஏனெனில் வேலை நாள்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரும் எதிரில் உட்கார்ந்திராதபோதும் செய்யலாம். மணப்பெண்ணுக்கு மட்டுமல்லாமல் உடன் வரும் தங்கைகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

கேள்வி: மூன்றாவது முறையாக ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விரல் நுனிகளில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்துவிட்டன. கம்பெனியை மாற்றிப் போட்டுத் தரட்டுமா? அவர் என்னிடம் எட்டுப் பேரை அனுப்பியவர், இழக்க மனமில்லை.
– வாசகி, பெரம்பூர்

பதில்: மாற்றிப் போடக்கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஜெல்லில் உள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. இவற்றில் ஹெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது அதிகம் பேசப்படுகிறது. அது உள்ள நகப்பூச்சுகளைத் தொழில்முறையாளர் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. இந்த ஒவ்வாமை முதல்முறையே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. பலமுறை தோலில் பட்ட பிறகு ஒருநாள் வெளிப்படும், வந்துவிட்டால் பெரும்பாலும் நீடிக்கும். இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் பல் அடைப்பதிலும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சிமென்டிலும் இருப்பதால், இதை வெறும் அரிப்பு என்று தள்ளிவிடக்கூடாது. நகத்தில் உள்ளதைத் தோலில் படாமல் எடுத்துவிட்டு, தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். நீங்கள் பயன்படுத்திய பாட்டில்களின் பின்பக்கத்தைப் படமெடுத்து அவரிடம் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

உங்கள் பக்கத்தையும் சோதித்துப் பாருங்கள். ஜெல் நகத்தைத் தாண்டித் தோலில் வழிகிறதா? பூச்சைத் தடிமனாகப் போடுகிறீர்களா? ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு கம்பெனி விளக்கில் காட்டுகிறீர்களா? விளக்கு பொருந்தாமலோ நேரம் போதாமலோ ஜெல் மேலே இறுகி உள்ளே இறுகாமல் நின்றால், இறுகாத பகுதிதான் தோலைப் பதம் பார்க்கிறது. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு வரும் பிசுபிசுப்பை வெறும் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அடுத்து ஒவ்வாமை வரப்போவது உங்களுக்குத்தான். பொருள் வாங்கும்போது உட்பொருள் பட்டியலே இல்லாத மலிவுப் பாட்டில்களைத் தொடாதீர்கள். விளக்கொளியில் ஜெல் இறுக உதவும் டிபிஓ (TPO) என்ற ஒளியூக்கியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சுகளில் தடை செய்திருக்கிறது; அங்கே விற்க முடியாத சரக்கு மலிவு விலையில் வேறு சந்தைகளுக்கு வரக்கூடும் என்பதால் பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

அந்தப் பெண்ணை இழக்க மாட்டீர்கள். “உங்களுக்கு இனி ஜெல் போட மாட்டேன், மெருகேற்றி மட்டும் தருகிறேன்” என்று பணத்தை வேண்டாம் என்று சொல்லும் ஒருவரிடம்தான் அவர் ஒன்பதாவது ஆளையும் அனுப்புவார். அனுப்பாவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியது அதைத்தான்.

கேள்வி: நான் இரண்டு ஆண்டு ஒரு பெரிய சலூனில் வேலை செய்தேன். இப்போது குழந்தைக்காக விலகி வீட்டிலிருந்து பகுதிநேரமாகச் செய்கிறேன். அங்கே என்னிடம் வந்தவர்களைக் கூப்பிடலாமா? வருமானத்துக்குப் பதிவு ஏதும் தேவையா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: அவர்களே தேடி வந்தால் வரவேற்கலாம், சலூன் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டு வந்து அழைக்கக்கூடாது. வேலைக்குச் சேரும்போது இதுபற்றி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நீங்கள் அந்தக் கவலையில் இப்போது இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் நீங்களே செய்யலாம். செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு, ஆனால் முதல் பத்து வாடிக்கையாளர்கள் சேர்வதற்கு முன் கடன் வாங்காதீர்கள். வீட்டில் குழந்தை இருப்பதால் ஒன்று சொல்கிறேன்: அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பு பக்கத்திலும் சுவாமி விளக்கு எரியும் கூடத்திலும் மேசை போடாதீர்கள், பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள் எல்லாம் இருபது வயதுக்காரர்களாக இருக்கிறார்கள். என்னிடம் யார் வருவார்கள்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் வயதுக்காரர்கள் வருவார்கள். இருபது வயதுப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, கீறல் விழுந்து வறண்டுபோன தம் நகத்தைக் காட்டக் கூசுகிற பெண்கள் மாட வீதிகளைச் சுற்றியே ஏராளம். அவர்களுக்கு வேண்டியது பூவும் கல்லும் பதித்த டிசைன் அல்ல. உடையாத நகமும், ஓரம் சுத்தமான விரலும், பேரன் பிறந்தநாளுக்கு அடக்கமான ஒரு நிறமும்தான். கால் நகத்தைக் குனிந்து வெட்ட முடியாத வயதானவர்களும் உங்களிடம் கேட்பார்கள். அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சிறு கீறலும் புண்ணாகிவிடலாம் என்பதால், மருத்துவரைக் கேட்டு வரச் சொல்லாமல் கருவியை எடுக்காதீர்கள். நகம் தடித்து நிறம் மாறியிருந்தால் அதைப் பூச்சால் மறைக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். எஃகுக் கருவிகளை அவர்கள் கண்ணெதிரே சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் உற்பத்தியாளர் சொன்ன நேரம் ஊற வைத்து எடுங்கள். உப்புத்தாள் போன்ற ஃபைலை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் அவரிடமே கொடுத்துவிடுங்கள் அல்லது எறிந்துவிடுங்கள். வாசிப்புக் கண்ணாடியின் பவரைச் சரிபார்த்துக்கொண்டு, கழுத்தை வளைத்து நிறுத்தக்கூடிய ஒரு மேசை விளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெல்லுக்கான விளக்கை அதற்குப் பிறகு வாங்கலாம்.